வானதூதர்களின் வரிசையும் பணியாளர்களின் பணியாளரும்: புனித பெரிய கிரகோரியார்



நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் முள்ளுக்குறிச்சி. செப்டம்பர் மாத மாலை ஒன்றில் அங்கே ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. விளக்கேற்றியதும் அந்த வீட்டு அப்பாயி முழந்தாளிட்டு, அதிதூதரான புனித மிக்கேல் செபமாலையைத் தொடங்கினார். கையில் புத்தகம் இல்லை. பக்திசுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர், நாதகிருத்தியர், பலவத்தர், சத்துவகர், பிராதமிகர், அதிதூதர், காவல் சம்மனசுகள் என ஒன்பது சபைகளின் பெயர்களையும் தங்கு தடையின்றிச் சொல்லி முடித்தார்.

அருகில் இருந்த பேத்தி ஆறாம் வகுப்பு படிப்பவள். செபம் முடிந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். மோட்சத்திலும் மேல் வரிசை, கீழ் வரிசை இருக்கிறதா, அப்படியானால் அங்கேயும் நம்மைப் பின்னால்தான் நிற்கச் சொல்வார்களா என்பதே அந்தக் கேள்வி. அப்பாயி பதில் சொல்லவில்லை. நாமும் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வி வானகத்தைப் பற்றியது மட்டும் அல்ல. நம் ஊர்களைப் பற்றியது, நம் கோவில்களைப் பற்றியது, சில இடங்களில் நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றியதும்கூட.

அந்தச் சிறுமிக்குப் பதில் தேடியபோது, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் உரோமை நகரில் வாழ்ந்த ஒரு மனிதர் நம் நினைவுக்கு வந்தார். வானதூதர்களின் ஒன்பது அணிகளைப் பற்றித் தம் மக்களுக்கு மறையுரை ஆற்றியவர் அவர். திருஅவையின் மிக உயர்ந்த பதவியில் இருந்துகொண்டு, தம்மைக் கடவுளின் பணியாளர்களுக்குப் பணியாளர் என்று அழைத்துக்கொண்டவர். அவரே புனித பெரிய கிரகோரியார் என்னும் திருத்தந்தை முதலாம் கிரகோரி. அவருடைய வாழ்வை இன்று நாம் சிந்திப்போம்.

உயர்குடியில் பிறந்தவர்

கிரகோரியார் கி.பி. 540-ஆம் ஆண்டளவில் உரோமையில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். தந்தை கோர்தியானு, தாய் புனித சில்வியா. அவருடைய அத்தைமாரில் இருவர் புனிதர்களாக வணங்கப்படுகின்றனர். பெயர் பெற்ற குடும்பம்தான். ஆனால் அவர் பிறந்த நகரம் அழிந்துகொண்டிருந்தது. அவர் குழந்தையாக இருந்தபோதே கொள்ளைநோய் பரவியது. 546-இல் கோத்தர்களின் மன்னன் தோத்திலா உரோமையைக் கைப்பற்றினான். ஒரு காலத்தில் உலகையே ஆண்ட நகரில் இடிந்த மாளிகைகளும் பசித்த மக்களுமே மிஞ்சியிருந்தனர்.

573-ஆம் ஆண்டளவில் கிரகோரியார் உரோமை நகரின் ஆளுநரானார். மேல் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தப் பதவியை விட்டு விலகினார். செலியன் குன்றின்மேல் இருந்த தம் வீட்டைப் புனித அந்திரேயாவின் பெயரில் துறவு மடமாக மாற்றினார். சிசிலித் தீவில் இருந்த குடும்ப நிலங்களைக் கொண்டு ஆறு துறவு மடங்களை நிறுவினார். பட்டாடையைக் களைந்து, தம் வீட்டிலேயே ஓர் எளிய துறவியாக வாழத் தொடங்கினார். தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான காலம் அதுவே என்று பிற்காலத்தில் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தார்.

தூது சென்றவர்

அந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 579-இல் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியு அவரைத் தம் தூதராகக் கான்ஸ்தாந்திநோப்பிள் நகருக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அவர் பேரரசரின் அவையில் இருந்தார். இலாங்கோபார்தியரின் தாக்குதலுக்கு ஆளான உரோமைக்கு உதவி கேட்பதே அவருடைய பணி. எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை.

ஒருவர் அனுப்ப இன்னொருவரிடம் செல்வது, தன் சொல்லை அல்ல, அனுப்பியவரின் சொல்லைச் சொல்வது, வாசலில் காத்திருப்பது, சில வேளைகளில் வெறுங்கையோடு திரும்புவது, இவையெல்லாம் தூதரின் வாழ்வு. இதைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவர் பின்னாளில் வானதூதர்களைப் பற்றிப் பேசியபோது, ஓர் அடிப்படை உண்மையை முதலில் எடுத்துரைத்தார். தூதர் என்பது அவர்களது இயல்பின் பெயர் அன்று. அவர்கள் செய்யும் பணியின் பெயர். அவர்கள் எப்போதும் ஆவிகளே. ஒரு செய்தியைக் கொண்டு வரும்போதுதான் தூதர் எனப்படுகிறார்கள். சிறிய செய்தியைக் கொண்டு வருவோர் தூதர். பெரிய செய்தியைக் கொண்டு வருவோர் அதிதூதர். ஆகவேதான் கன்னி மரியாவிடம் சாதாரணத் தூதர் அல்ல, அதிதூதர் கபிரியேல் அனுப்பப்பட்டார் என்று அவர் விளக்கினார்.

கொள்ளைநோயின் நடுவே திருத்தந்தை

589-இல் திபேர் ஆறு கரைபுரண்டு ஓடியது. தானியக் களஞ்சியங்கள் அழிந்தன. வெள்ளத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. 590 பிப்ரவரியில் திருத்தந்தை பெலாஜியுவும் அந்நோய்க்குப் பலியானார். மக்களும் குருக்களும் ஒரே குரலில் கிரகோரியாரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ தமக்கு அந்தப் பதவி வேண்டாம் என்று பேரரசர் மவுரீசுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நகர ஆளுநர் வழியிலேயே நிறுத்திவிட்டதாக வரலாறு கூறுகிறது. 590 செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் திருத்தந்தையாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அதற்கு முன்பே, கொள்ளைநோய் நீங்க வேண்டுமென்று நகர மக்களை ஏழு குழுக்களாகப் பிரித்து, மன்றாட்டுப் பவனி நடத்தினார். பவனி சென்றுகொண்டிருந்தபோதே எண்பது பேர் விழுந்து இறந்தார்கள் என்று அக்கால வரலாற்று ஆசிரியரான தூர் நகரின் ஆயர் கிரகோரி எழுதி வைத்துள்ளார். 2020-இல் பூட்டிய கோவில்களையும் ஆளில்லாத அடக்கச் சடங்குகளையும் கண்ட நமக்கு, அந்தப் பவனியின் வேதனை புரியாததல்ல. அந்தப் பவனியின்போது, பேரரசர் அதிரியானுவின் கல்லறை மாளிகையின் உச்சியில் அதிதூதர் மிக்கேல் தம் வாளை உறையில் இடுவதைக் கிரகோரியார் கண்டார் என்பது பிற்காலத்தில் வழங்கிய மரபு. அதனால் அந்தக் கட்டடம் இன்றும் தூய வானதூதர் கோட்டை என்றே அழைக்கப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட மிக்கேலின் வெண்கலச் சிலையை அதன் உச்சியில் இப்போதும் காணலாம்.

பதின்மூன்றாம் விருந்தினர்

திருத்தந்தையான பின் கிரகோரியார் திருஅவையின் நிலங்களிலிருந்து வந்த வருமானத்தை ஏழைகளுக்குத் தானியமாகவும் பணமாகவும் பகிர்ந்தளித்தார். உதவி பெறுவோரின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்தார். ஒருமுறை நகரின் ஒரு மூலையில் ஓர் ஏழை கவனிப்பாரின்றி இறந்து கிடந்ததை அறிந்தபோது, அந்தச் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று வருந்தி, சில நாள்கள் திருப்பலி நிறைவேற்றாமல் இருந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் யோவான் குறிப்பிடுகிறார்.

அவரைப் பற்றிய ஒரு பழைய மரபையும் உரோமை மக்கள் மறக்கவில்லை. அவர் நாள்தோறும் பன்னிரண்டு ஏழைகளைத் தம் மேசையில் அமரச் செய்து உணவளிப்பாராம். ஒரு நாள் பதின்மூன்றாவதாக ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் யாரென்று விசாரித்தபோது, முன்னொரு நாள் கிரகோரியாரிடம் அவருடைய தாயின் வெள்ளித் தட்டைப் பிச்சையாகப் பெற்றுச் சென்ற ஏழை தாமே என்றும், தாம் கடவுளால் அனுப்பப்பட்ட வானதூதர் என்றும் அவர் வெளிப்படுத்தினாராம். செலியன் குன்றில் உள்ள புனித கிரகோரியார் கோவிலை அடுத்த சிற்றாலயத்தில், அந்த மேசை எனப்படும் கல்மேசை ஒன்று இன்றும் காட்டப்படுகிறது. இது மரபுவழிக் கதைதான். ஆயினும் அதில் ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. வானகத்தின் உயர்ந்த வரிசையிலிருந்து வந்தவர், ஏழைகளின் வரிசையில் கடைசி இடத்தில் அமர்ந்திருந்தார்.

காணாமல்போன பத்தாவது நாணயம்

591-ஆம் ஆண்டளவில், உரோமைக் கோடை வெப்பத்தால் உடல் நலிந்து சில காலம் பேசாமல் இருந்த கிரகோரியார், மீண்டும் மறையுரை ஆற்ற எழுந்தார். இடம், தம் துறவு மடத்தின் அருகே இருந்த புனிதர்கள் யோவான், பவுல் பேராலயம். அன்றைய நற்செய்தி, லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் காணாமல்போன ஆடும் காணாமல்போன நாணயமும்.

பத்து நாணயங்களில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டைக் கூட்டித் தேடுகிறாள். அந்தப் பத்து நாணயங்கள் எவை என்று கிரகோரியார் சிந்தித்தார். விவிலியத்தின் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் வானதூதர் அணிகளின் பெயர்களை ஒன்றாகச் சேர்த்தார். எசாயா கண்ட செராபின்கள் இறையன்பால் பற்றி எரிவோர்; நம் முன்னோர் இவர்களையே பக்திசுவாலகர் என்றனர். தொடக்கநூலிலும் எசேக்கியேலிலும் வரும் கெருபுகள் அறிவால் நிறைந்தோர், ஆகவே ஞானாதிக்கர். அரியணைகள் எனப்படுவோர் பத்திராசனர். பவுலடியார் எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதிய திருமுகங்களில் ஆட்சி, ஆற்றல், அதிகாரம், தலைமை என்னும் பெயர்களால் குறிப்பிடும் அணிகள் உண்டு. இறுதியாக அதிதூதரும் தூதரும். ஆக ஒன்பது. பத்தாவது நாணயம் எது? மனிதர்தாம். கடவுளின் உருவம் பொறிக்கப்பட்ட அந்த நாணயம் தொலைந்துபோனது. அதைத் தேடவே இறைவனின் ஞானம் மனித உடல் என்னும் விளக்கை ஏற்றி இவ்வுலகிற்கு வந்தது என்று அவர் விளக்கினார்.

எத்தனை ஆறுதலான சிந்தனை! வானகத்தின் வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது நமக்கான இடம். அந்த இடம் நிறையும்வரை வீட்டுக்காரிக்கு அமைதி இல்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒன்பது அணிகளையும் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் போதாது, நீங்கள் ஒவ்வொருவரும் எந்த அணியில் சேரப்போகிறீர்கள் என்று உங்கள் உள்ளத்தைக் கேட்டுப் பாருங்கள் என்ற கருத்தில் மக்களைத் தூண்டினார். தான் அறிந்த சிறிதளவு இறைவார்த்தையையேனும் பிறருக்கு அன்போடு சொல்பவர் தூதர்களின் அணியில் இருக்கிறார். ஆழ்ந்த மறைஉண்மைகளைக் கற்பிப்பவர் அதிதூதரோடு இருக்கிறார். செபத்தின் வல்லமையால் தீய ஆவியை விரட்டுபவர் பலவத்தரோடு சேர்கிறார். தன் உள்ளத்தின் தீய நாட்டங்களை அடக்கி ஆள்பவருக்கு நாதகிருத்தியரோடு பங்கு உண்டு. நேர்மையாகத் தீர்ப்பிடுபவர் கடவுள் அமரும் அரியணையாகிறார். இறையன்பும் பிறரன்பும் நிறைந்தவர் கெருபுகளோடும், இறைவன்மீது பற்றி எரியும் அன்பால் பிறரையும் பற்றவைப்பவர் செராபின்களோடும் எண்ணப்படுகிறார்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பிறப்பு எங்கேயாவது வருகிறதா? சொத்து வருகிறதா? தெருவின் பெயர் வருகிறதா? இல்லை. சொல்லப்பட்டவை அனைத்தும் செயல்கள். எல்லாவற்றுக்கும் அளவுகோல் அன்பு.

வரிசையை வைத்துச் சண்டையிடாதவர்

வானதூதர்கள் இருக்கிறார்கள் என்பது நம் நம்பிக்கையின் உண்மை. ஆனால் அவர்கள் ஒன்பது அணிகளாக இந்த முறையில்தான் இருக்கிறார்கள் என்பதைத் திருஅவை விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கவில்லை. அது தொன்மையான, மதிப்பிற்குரிய ஒரு போதனை. கிரகோரியாருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் தியோனீசியு என்னும் பெயரில் கிரேக்க மொழியில் எழுதிய ஒருவர், மும்மூன்று அணிகள் கொண்ட மூன்று அடுக்குகளாக அவர்களை வரிசைப்படுத்தியிருந்தார். கிரகோரியாரின் மறையுரையிலோ சத்துவகரும் பிராதமிகரும் இடம் மாறி இருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இரு வரிசைகளையும் ஆராய்ந்து, இரண்டுக்கும் தக்க காரணம் உண்டு என்று காட்டினார்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தில் ஓர் அழகிய கற்பனை செய்திருக்கிறார். கிரகோரியார் வானகம் சென்று கண் திறந்து பார்த்தபோது, தாம் சொன்ன வரிசை சற்றே தவறு என்று கண்டு, தம்மைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொண்டாராம்! எந்த வரிசையில் யார் முன்னே என்பதற்காக நாம் திருவிழாக்களில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகோரியாரோ வானதூதர்களின் வரிசையையே தவறாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடிய மனிதராகக் கவிஞரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறார்.

கான்ஸ்தாந்திநோப்பிளின் முதுபெரும் தந்தை உலகளாவிய என்ற அடைமொழியைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டபோது, 595-இல் கிரகோரியார் அதை வன்மையாக எதிர்த்தார். அந்தப் பட்டத்தைத் தமக்காகவும் அவர் கேட்கவில்லை. பணியாளர்களின் பணியாளர் என்பதே அவர் விரும்பி எழுதிய பெயர். இன்றுவரை திருத்தந்தையரின் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் அது இடம்பெறுகிறது.

அதே ஆண்டில் மொந்தானா, தோமா என்னும் இரு அடிமைகளுக்கு அவர் விடுதலை அளித்த கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. இயல்பால் மனிதர் அனைவரும் சுதந்திரமாகவே படைக்கப்பட்டனர் என்றும், மனிதரின் சட்டமே அவர்களை அடிமைகளாக்கியது என்றும் அதில் காரணம் காட்டினார். திருஅவையின் பண்ணைகளில் அவர் காலத்திலும் அடிமைகள் இருந்தனர். அவர்கள் அனைவரையும் அவர் விடுவிக்கவில்லை. அவரும் தம் காலத்து மனிதர்தாம். எனினும் உண்மை எது என்பதை அவர் மறைக்கவில்லை.

படிப்படியாக ஏறுதல்

596-இல் கிரகோரியார் தம் மடத்துத் துறவியான அகுஸ்தீனையும் அவருடைய தோழர்களையும் இங்கிலாந்துக்கு நற்செய்தி அறிவிக்க அனுப்பினார். உரோமைச் சந்தையில் விற்பனைக்கு நின்ற ஆங்கில இனத்துச் சிறுவர்களின் இனப்பெயர், வானதூதர் என்னும் சொல்லைப் போல ஒலித்ததால் அவர் உள்ளம் நெகிழ்ந்தது என்று புனித பீட் எழுதிய வரலாறு கூறுகிறது. அடிமைச் சந்தையில் நின்ற சிறுவர்களிடத்தில் அவர் வானதூதர்களின் சாயலைக் கண்டார்.

601-இல் அந்நாட்டுப் பணியாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், அம்மக்களின் வழிபாட்டு இடங்களை இடிக்காமல் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துமாறும், உச்சிக்கு ஏற விரும்புவோர் தாவிக் குதிக்காமல் படிப்படியாகவே ஏறவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். மக்களின் பண்பாட்டை மதிக்கும் இந்த அணுகுமுறை நம் மண்ணுக்கும் வந்தது. 1623-இல் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, கொல்லிமலையின் மற்றொரு பக்கத்தில் உள்ள சேந்தமங்கலத்துக்கு வந்தபோது, அங்கு ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பின்னர் அவர் சேலம் சென்றார். தமிழில் மறையை எடுத்துரைக்க அவர் பட்ட பாடு பெரிது. அதேவேளையில், அக்காலத்தில் சாதி வேறுபாட்டோடு செய்துகொள்ளப்பட்ட சமரசம் நம் திருஅவையில் விட்டுச்சென்ற காயம் இன்னும் முழுமையாக ஆறவில்லை என்பதையும் நாம் தாழ்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிரகோரியாரின் இறுதி ஆண்டுகள் நோயின் ஆண்டுகள். மூட்டுவாதமும் வயிற்று நோயும் அவரைப் படுக்கையில் கிடத்தின. அங்கிருந்தபடியே கடிதங்கள் எழுதச் செய்தார். ஏழைகளுக்குத் தானியம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். 604 மார்ச் 12-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். செப்டம்பர் 3-ஆம் நாள் அவருடைய விழாவைத் திருஅவை கொண்டாடுகிறது. செப்டம்பர் 29-இல் அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் விழாவன்று, திருப்புகழ்மாலையின் வாசகமாக அவருடைய அந்த மறையுரையின் பகுதியே படிக்கப்படுகிறது.

சிறுமிக்கு நம் பதில்

முள்ளுக்குறிச்சியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கிறது. மழை முதலில் உச்சியில் பெய்கிறது. ஆனால் உச்சி அதைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. ஓடைகளாக இறங்கி, அடிவாரத்து நெல்லுக்கும் மரவள்ளிக்கும் அது தண்ணீர் ஆகிறது. வானகத்தின் வரிசையும் அப்படித்தான். மேலே இருப்பவர் தாம் பெற்ற ஒளியைக் கீழே உள்ளவருக்குத் தருவதற்காகவே மேலே இருக்கிறார். அங்கே உயர்ந்தவர் தாழ்ந்தவரை இகழ்வதில்லை. தாழ்ந்தவர் உயர்ந்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதில்லை. ஒருவருடைய கொடை மற்றவருக்கும் மகிழ்ச்சியாகிறது என்பதே கிரகோரியாரின் போதனை.

ஆகவே அந்தச் சிறுமிக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். ஆம் மகளே, மோட்சத்தில் வரிசை உண்டு. ஆனால் யாரையும் பின்னே தள்ளுவதற்கான வரிசை அல்ல அது. உன்னைப் பின்னால் நிறுத்துகிறவர்கள் வானகத்தின் முறையைப் பின்பற்றவில்லை. உனக்காக அங்கே ஓர் இடம் காத்திருக்கிறது. நீ அந்தப் பத்தாவது நாணயம்.

பெரியவர்களாகிய நமக்கோ கேள்விகள் மட்டுமே மிஞ்சுகின்றன. நம் பங்கில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது? அந்த இடத்தைக் காலியாக்கியது யார்? விளக்கேற்றித் தேட நாம் எழுந்தோமா? அக்டோபர் 2-இல் காவல்தூதர்களின் நினைவைக் கொண்டாடும் நாம், நமக்கு ஒரு காவல்தூதர் இருப்பதுபோல நாம் ஒதுக்கிவைக்கும் மனிதருக்கும் ஒரு காவல்தூதர் இருக்கிறார் என்பதை நினைக்கிறோமா? இதைச் சிந்திப்போம்.

செபிப்போம்: அன்பு இறைவா, வானதூதர்களைப் பணிகளால் அணிசெய்தவரே, புனித கிரகோரியாரைப் போல நாங்களும் உயர்வைப் பணிவிடையில் காணச் செய்தருளும். எங்கள் குடும்பங்களிலும் பங்குகளிலும் ஒருவரையும் கடைசியில் நிறுத்தாத நெஞ்சைத் தாரும். ஆமென்.